டிக்கியில் கிடந்த மணல் மூட்டை

மச்சான்,

இன்று காலை நம் பழைய வேகன் காரின் டிக்கியைத் திறந்தேன், ஈரச்சாக்கு வாடை முகத்தில் அடித்தது. வண்டியை வாங்க வந்த பையன் முற்றத்தில் காத்து நின்றான். ஜாக், பழைய துணி, ஓட்டைக் குடை எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டேன். கடைசியில் உன் மணல் மூட்டை. மழையில் பின் சக்கரம் வழுக்காமலிருக்கப் பாரத்துக்கென்று கெட்டம்பே ஆற்றங்கரையில் நீ அள்ளிக் கட்டியது. அதைத் தூக்கி வைப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. களைத்துப்போனேன் மச்சான், மூட்டையால் மட்டும் இல்லை.

நீ போன பிறகு அந்த வண்டியைத் தனியாகத்தான் கட்டி அழுதேன். உதிரிச் சாமான் கிடைப்பதில்லை, பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிறது. "இத வச்சிக்கிட்டு இன்னும் எவ்வளவு நாளைக்கிப்பா மல்லுக்கட்டப் போறீங்க?" என்று கேட்டுக் கேட்டு அலுத்த மகன், ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான். முன் சக்கரம் இழுக்கிற கார். நீ இருந்திருந்தால் எங்கள் இருவரையும் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய்.

கண்டி ஸ்டாண்டில் நாம் கூட்டாக வாடகைக் கார் ஓட்டிய காலமெல்லாம் அந்த ஒரே ஜப்பான் வம்சம்தானே. முதல் கார் பெட்டி மாதிரி, பின்னால் தகட்டு ஸ்பிரிங், குழியில் விழுந்தால் முதுகெலும்பு சொல்லும். அடுத்த மாடலுக்குச் சுருள் ஸ்பிரிங்கும் ஐந்தாவது கியரும் வந்தன. இரண்டு கதவு, நாலு கதவு, வேகன் என்று குடும்பம் பெருத்தது, ஆனால் தள்ளுவது என்னவோ பின் சக்கரம்தான். பிறகு கம்பெனிக்காரனுக்கு இடம் மிச்சம் பிடிக்கும் ஆசை வந்தது. எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து முன் சக்கரத்துக்கு மாறினான். வேகனை மட்டும் பழையபடியே விட்டுவைத்தான். "பாத்தியா, சாமான் ஏத்துறவன ஏமாத்த அவனுக்கே மனசு வரல. நாம வேகன் எடுக்கிறோம்" என்று நீ சொன்னபோது வீட்டில் பிள்ளை பிறந்த சந்தோஷம் உன் முகத்தில்.

தெல்தோட்டைக் கல்யாணம் நினைவிருக்கிறதா? மழை. பெண்ணை ஏற்றி வந்த புத்தம்புதுக் கார் கடைசி ஏற்றத்தில் முன் சக்கரம் சுழன்று நின்றுவிட்டது. "திருப்பி ரிவர்ஸ்ல ஏத்து, ஏறிரும்" என்று டிரைவருக்கு நீதான் வழி சொன்னாய். சரியான வழிதான், திருப்பினால் பாரம் முன் சக்கரத்தில் இறங்கும். ஆனால் பெண்ணின் அத்தை விடவில்லை. "கல்யாணப் பொண்ணு மாப்பிள்ள வீட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டா போறது? நல்லா இருக்கே!" கடைசியில் பெண்ணை நம் வேகனுக்கு மாற்றினோம். பாரம் போதாது என்று அத்தைமார் மூவரையும் பின் சீட்டில் உட்காரவைத்தாய். "மணலவிட இவங்க நல்லாப் பிடிக்கிறாங்கடா" என்று என் காதில் கிசுகிசுத்தாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கியரைத் தப்பாகப் போட்டேன்.

இன்று வந்த பையன் கார்ப் பந்தயக்காரன். பின் சக்கர வண்டியாகத் தேடி அலைந்தானாம். "மூட்டையும் வண்டியோடதானே அங்கிள்?" என்றான். "அது இல்ல தம்பி" என்றேன். வேகன் வளைவில் மறைந்ததும் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னை இரண்டாம் முறை அனுப்பிவைத்த மாதிரி இருந்தது.

பழக்கதோஷம், மூட்டையைப் புதுக் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு ஒரு வாடகை ஓட்டத்துக்குப் போனேன். திரும்பும்போது மழை பிடித்தது. ஹந்தானையில் நம் வீட்டு ஏற்றத்தில் முன் சக்கரம் சுழன்றது, கார் அசையவில்லை. பின்னால் பாரம் வைத்தால் முன்பக்கம் எப்படிப் பிடிக்கும்? எத்தனை பேரை இதைச் சொல்லித் திட்டியிருப்பாய்! நனைந்துகொண்டே இறங்கினேன். மூட்டையைத் தூக்கி முன்னால், இடது சீட்டில் வைத்தேன். நீ உட்காரும் இடம்.

ஆள் இருக்கிறது, பெல்ட் போடு என்று கார் கத்தத் தொடங்கியது. மூட்டையைச் சுற்றிப் பெல்ட்டை மாட்டினேன். சத்தம் நின்றது. மெதுவாக, வழுக்காமல், ஏறி வந்துவிட்டோம்.