இரண்டு ஜோடி கையுறை

அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை விட்டுவிடாதே. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

புது மின்சார சைக்கிளை மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்து நிறைகுறை எழுதுவதுதான் இப்போது வேலை. முன்பு வந்தவை எருமை மாதிரி கனக்கும்; இதை ஒரு கையால் தூக்கிவிடலாம். "சைக்கிள் ஓட்டுறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று நீ சிரிப்பாய்.

செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன சங்கதி. நான் ஓட்டி முடித்ததும் என் அறைத்தோழன் அதே வண்டியை எடுத்தான். "பிரேக் எப்படிடா?" என்று கேட்டான். குளிரில் என் விரல்கள் மரத்திருந்தன. பிரேக் தளர்ந்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை. "நல்லா இருக்கு, போ" என்றேன். தாளிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இன்னும் கண் திறக்கவில்லை. சரியாகிவிடும் என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் கூடுதலாகப் பேசு. அறையில் இப்போது நான் மட்டும்தான்.

கம்பளிக் கையுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்பு. ஒன்று அவனுக்கு. சூப்பர்வைசர் கூப்பிடுகிறார், கிளம்புகிறேன். அவன் விரல்கள் என்னுடையதைவிட அரை அங்குலம் நீளம். நேற்று அசையாமல் கிடந்த கையை என் கையோடு வைத்து அளந்துவிட்டேன்.

உன் மகன்