கண்ணாடி உடைத்தவளும் பாவு வெட்டியவளும்

செவிலிமேடு, காஞ்சிபுரம்
12.1.2025

அன்புள்ள பொன்னி அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிவிட்டது. இந்தத் தங்கச்சியைத் திட்டிக்கொண்டிருப்பாய். நீ இருக்கும் மனநல இல்லத்தில் போன் தருவதில்லை, அதனால் தப்பித்தேன். பாப்பாவுக்கு மேல் பல் வருகிறது. அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் இல்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

போன ஞாயிறு என் மாமியாரும் நானும் படத்துக்குப் போனோம். காதில் குரல் கேட்கிற ஒரு பெண்ணின் கதை. அவள் கண்ணாடியை உடைத்துவிட்டு மழையில் நடக்கும்போது தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. அத்தை முந்தானை நனைய அழுதார். டவுன் பஸ்ஸில் வரும்போது, "பாவம்மா அந்தப் பொண்ணு. யாராச்சும் ஒருத்தர் கையப் புடிச்சிக்கினு இருந்திருந்தா போதும்" என்றார். இதுதான் சமயம் என்று, அக்காவைக் காதுகுத்துக்குக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். மூன்று ஸ்டாப்பிங் வரை டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தார். இறங்கும்போது "கூப்புடு" என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு காலை. நமக்கு அண்ணன் தம்பி இல்லை, தாய்மாமன் இடத்தில் நீதான். பாப்பா உன் பக்கத்தில் உட்கார்ந்து குத்திக்கொள்ளட்டும். வருவாய்தானே?

உன்
தேவிப்ரியா

செங்கல்பட்டு
20.1.2025

தேவிக்கண்ணு,

அந்தப் படத்தை இங்கேயும் ஹாலில் போட்டார்கள். உங்கள் தியேட்டர் அழுத இடத்தில் நாங்கள் சிரித்துவிட்டோம். அத்தனை நாள் குரல் கேட்டவளுக்குத் தலைகூடக் கலையவில்லை. கடைசியில் ஹீரோ கட்டிப்பிடித்ததும் சரியாகிவிட்டாள். பக்கத்துக் கட்டில் மணியம்மாள் எழுந்து, "அது சரி, மாத்திர போட்டாளா இல்லையா?" என்று கேட்டாள். ஆனால் படத்துப் பெண்ணுக்கு அவள் அம்மா சோறு ஊட்டிவிட்ட இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மணியம்மாளும்தான்.

அவள் உடைத்தது கண்ணாடி. நான் வெட்டியது, நெசவுக்கார ராமராஜன் மாமா தறிக்காகத் தெருவில் நீட்டி வைத்திருந்த பாவு. மூன்று சேலைக்கான பட்டு இழை. அன்றைக்கு மழையும் இல்லை, பாட்டும் இல்லை. ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். நம் வீட்டுத் தாழ்ப்பாள் விழுந்ததும் கேட்டது. அது நிஜச் சத்தம். வித்தியாசம் எனக்குத் தெரியும்.

உன் அத்தை சம்மதித்தது சந்தோஷம். நீ சம்மதித்தாயா? 'உன் மடியில்' என்று எழுதி, மடியை அடித்துவிட்டுப் 'பக்கத்தில்' என்று போட்டிருக்கிறாய். அடித்ததைப் படிக்க முடிகிறது. பதினோரு மாதக் குழந்தையை யாரடி பக்கத்தில் உட்காரவைத்துக் காது குத்துவார்கள்? மாத்திரையால் என் கை நடுங்குவது நிஜம்தான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பொன்னி

செவிலிமேடு
27.1.2025

அக்கா,

மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அன்றைக்குத் தாழ்ப்பாள் போட்டது நான்தான். அந்தச் சொல்லை அடித்ததும் நான்தான். அத்தை மேல் தப்பே இல்லை.

பாப்பா பிறந்ததிலிருந்து, அவள் அழாதபோதும் எனக்கு அழுகை கேட்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினால் தூங்கிக்கொண்டிருப்பாள். உனக்கு வந்தது எனக்கும் வருகிறதோ என்று பயம். யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட. தியேட்டரில் அத்தையைவிட அதிகம் அழுதது நான். அது அந்தப் பெண்ணுக்காக இல்லை, உனக்காகவும் இல்லை. எனக்காக. உன்னைத் தள்ளி உட்காரவைத்தால் அதுவும் தள்ளிப் போகும் என்று நினைத்துவிட்டேன்.

மடியில்தான் அக்கா. கை நடுங்கினால் நான் பிடித்துக்கொள்கிறேன். எட்டாம் தேதி சனிக்கிழமை இவர் கார் எடுத்துக்கொண்டு உன்னை அழைக்க வருவார்.

தேவி

செங்கல்பட்டு
1.2.2025

தேவிக்கண்ணு,

மாப்பிள்ளையை மட்டும் அனுப்பாதே. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நீயும் வா. சனிக்கிழமை டாக்டரம்மா பன்னிரண்டு மணி வரை இருப்பார்கள். பிள்ளை பெற்ற நிறையப் பேருக்கு இப்படிக் கேட்குமாம், ஒளிக்காமல் வந்து காட்டச் சொன்னார்கள். உன் பெயருக்கு டோக்கன் வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

நீ உள்ளே போய் வரும்வரை பாப்பா என் மடியில் இருப்பாள். கதவை மட்டும் தாழ் போடாதே.

பொன்னி