தட்டணுவின் அளவு

புவெர்த்தோ மோந்த்
ஜூன் 9, 2014

அன்புள்ள எர்சிரா அக்கா,

இல்லை, நீ கேட்ட அந்த எண் எத்தனை தட்டணுக்கள் என்ற கணக்கு அல்ல. ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்பது. எண்ணிக்கை உனக்குச் சரியாகவே இருக்கிறது. அளவுதான்.

ரத்தத்தை உறைய வைக்கும் துணுக்குகள் அவை. பெரியவை எளிதில் ஒட்டிக்கொள்ளும். உன்னைப்போல் காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தவர்களில், தட்டணு பெருத்தவர்களுக்கு முதல் மாதங்கள் மோசமாகப் போகின்றனவா என்பதுதான் என் ஆய்வு. போகின்றன என்றே இதுவரை தெரிகிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பதினொன்றைத் தாண்டுவதில்லை. உன்னுடையது பதின்மூன்று.

கேட்டாய், சொல்லிவிட்டேன். திரையில் உன் எண் இருந்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டுதான் மற்றவற்றைப் படித்தேன்.

இங்கே வந்துவிடு. கட்டில் உனக்கு, தரை எனக்கு. உன் பண்ணைச் சிப்பிகள் ஒரு மாதம் தாமாக வளரட்டும். மூச்சு வாங்கினால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே, தீவு மருந்தகத்துக்குப் போ, அங்கிருக்கும் மருத்துவ உதவியாளன் ரொசமெல்லை வானொலியில் என்னைக் கூப்பிடச் சொல்.

பயமாக இருக்கிறது என்று எழுதக் கூடாது என்றிருந்தேன்.

உன்
நொயேலியா


அவுல்கோ தீவு
ஜூன் 16

என் சின்னவளுக்கு,

உன் கடிதத்தைக் கரையில் நின்றே படித்தேன். மறுபடி புயல். துறைமுகத்தை மூடி வைத்திருந்தார்கள், ரொட்டி மாவுக்கு ஈஸ்ட்கூட வரவில்லை. இன்றுதான் கொஞ்ச நேரம் திறந்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ள லாஞ்ச் படகு நிற்கிறது. அலையைப் பார்த்தேன், ஏற மனம் வரவில்லை.

என் ரத்தத்தைப் பிடித்த கண்ணாடிக் குழாய்களை உனக்கு அனுப்பியபோதும் இதே கதைதான். லாஞ்ச் கிளம்பும்வரை ரொசமெல் வீட்டில் கிடந்தன. உறைந்துபோகும் என்று பயந்து, காயப்போட்ட காலுறைகளோடு விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தானாம். "உன் ரத்தத்த என் பொண்டாட்டிய விட நல்லா பாத்துக்கிட்டேன் எர்சிரா. அந்த இடத்த நான் அவளுக்கே விட்டுக் குடுக்கறதில்ல." வெகு நேரம் சிரித்தேன்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பதின்மூன்று. படுத்தால் உள்ளே அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது கேட்கிறது. கேட்காது என்று நீ சொல்வாய்.

நீ வருந்த வேண்டாம், நானே ஒரு வழி செய்துவிட்டேன். ரத்தத்தை இளக்கும் மாத்திரை தினமும் பாதிதானே? இப்போது காலையில் முழுசாக ஒன்று, மாலையில் ஒன்று. ரத்தம் தண்ணீராக ஓடட்டும். ரொசமெல்லுக்குத் தெரியாது, தெரிந்தால் கத்துவான். பல் துலக்கினால் சிவப்பாகத் துப்புகிறேன். மருந்து வேலை செய்கிறது.

முத்தங்கள்.
எர்சிரா


புவெர்த்தோ மோந்த்
ஜூன் 19

அக்கா,

மாத்திரையை நிறுத்து. இது கைக்கு வரும்முன் ரொசமெல் வந்திருப்பான் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்ததும் வானொலி அறைக்கு ஓடினேன். இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. "எர்சிராவா? இப்பத்தான் பாத்தேன். மூக்குல துணிய வச்சுக்கிட்டுப் போனா. சளின்னா." மாத்திரையைச் சொன்னேன். கேட்டானா, கேட்காமலே தொடர்பு அறுந்ததா, தெரியவில்லை. அறைக்காரர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மேசையில்தான் எழுதுகிறேன்.

குழாயில் நின்ற ரத்தத்தில் தட்டணுக்கள் வீங்கும். அதனால்தான் எடுத்த சில மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும். உன் குழாயில் தேதி இருந்தது. நான் பார்க்கவில்லை. உன்னுடையது என்றதும் இயந்திரத்தில் வைத்துவிட்டேன்.

அந்தப் பதின்மூன்றில் உன்னுடையது எவ்வளவு, அடுப்போரம் கிடந்ததில் வந்தது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. உண்மையில் சிறியதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இதோடு புதிய குழாய்கள் அனுப்புகிறேன். லாஞ்ச் கிளம்பும் அன்று காலையில் மட்டும் எடுக்கச் சொல்.

ஒரு வரி எழுது. ஒரு சொல்லாவது.

நொயேலியா


அவுல்கோ தீவு
ஜூன் 27

நொயேலியா,

ரொசமெல் அன்றைக்கே வந்தான். செருப்புகூட இல்லை, காலுறையோடு சேற்றில் ஓடி வந்திருந்தான். ஊசி போட்டு, ரத்தம் நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கத்தவில்லை. பிறகு உன் கடிதம் வந்து படித்துக் காட்டியபோது ஒன்றே ஒன்று சொன்னான்: "அடுப்புகிட்ட வைக்கக்கூடாதுன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல." எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

டாக்டரிடம் கேட்டுப் பாதி மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறான். தினமும் அவன் எதிரில் விழுங்குகிறேன்.

அந்த எண்ணை நம்ப முடியாது என்று தெரிந்தபின் பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அப்போது எதற்குப் பயப்படுகிறேன் என்றாவது தெரிந்திருந்தது.

குழாய்களைத் திருப்பி அனுப்புகிறேன். கோபம் இல்லை. என் ரத்தம் வேண்டுமென்றால் நீ வா. நீ எடு, உன் மடியில் வைத்துக்கொண்டு போ. அதுவரை எனக்கு எந்த எண்ணும் எழுதாதே. என்ன சாப்பிட்டாய் என்று எழுது. தரையில் படுத்துக்கொள்வதாகச் சொன்னாயே, அந்தத் தரை ஈரமா என்று எழுது.

உன் அக்கா
எர்சிரா

மேலே உள்ளது காலையில் எழுதியது. குழாய்களை லாஞ்ச்காரரிடம் கொடுத்துவிட்டு, மேட்டில் பாதிவரை மெதுவாக ஏறினேன். நின்று, மூச்சு வாங்குகிறதா என்று கவனித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு துருவினேன்.