சத்தம் போட்டவளுக்கு

மண் சரிந்த அன்றைக்குக் கொழுந்து மடுவத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். கொழுந்து நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை செல்லையா. கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து நின்ற கங்காணி முத்துக்கருப்பன். கூடையை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த மாரியாயி. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். என் சுளகை இரவல் வாங்கி இன்றுவரை திருப்பித் தராத வீராயி. அவளுடைய தங்கச்சி ராக்கு. நான். நீ. மற்ற பெண்கள் மழை வலுக்கும் முன்னாலேயே கொழுந்தை நிறுத்துவிட்டு லயத்து வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆண்கள் மேல்மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். 'நானும் அங்கேதான் இருந்தேன்' என்று பிற்பாடு சொல்லித் திரிந்தவர்கள் எல்லாரும் பொய்யர்கள். எனக்கு ஒரு முகமும் மறக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் முதலில் டிஸ்பென்சரிக்குப் போயிருக்க வேண்டியவள் நீ. அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்றுப் பேத்தியைக் கூட்டிவரப் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் புதுக் கித்தான் வாசனை மூக்கில் ஏறியது. சுவரோரமாக நான்கு ஸ்ட்ரெச்சர் சாத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் கம்பளிக்கட்டு, பஞ்சு, கட்டுத்துணி. அரசாங்கம் மறுபடியும் பணம் ஒதுக்கியிருக்கிறதாம். ஒரே நேரத்தில் பலபேருக்கு அடிபட்டால் அந்தந்த இடத்து ஆட்களே முதலில் கவனிக்கும்படி எல்லாத் தோட்டத்துக்கும் சாமான் வருகிறதாம். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாம்மா பெருமையாகச் சொன்னாள்.  பேத்தியை மறந்துவிட்டுப் பாதி வழி வந்து, திரும்பிப் போய்க் கூட்டிவந்தேன். இரவு அடுப்பை இரண்டு தரம் பற்றவைத்து இரண்டு தரம் அணைத்தேன். எழுதினாலாவது அடங்குமா என்று உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் வகுப்புப் படிப்பு எனக்கு, பிழையிருந்தால் சிரிக்காதே. நீ அதுகூடப் படிக்கவில்லை.

முதல் தரம் இந்தப் பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது நாம் இருவரும்தான் அக்கரப்பத்தனை டவுனுக்கு நடந்துபோனோம். பள்ளிக்கூடத்தில் கூட்டம். அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த ஐயா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, மண்சரிவு, வெள்ளம், பஸ் உருளுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அதற்கெல்லாம் தயாராக இருக்கத்தான் இந்த உதவிப் பணம் என்றார். நீ என் பக்கத்தில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உனக்குக் குரலே கிடையாது. லயத்தில் என் பக்கத்துக் காம்பராவில் நீ பிள்ளை பெற்றபோதுகூட உன் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பிள்ளையின் சத்தம்தான் கேட்டது. எதையும் என் காதில் சொல்வாய், நான் அதை ஊருக்குச் சொல்வேன். சண்டைக்காரி என்ற பெயர் எனக்கு. பாதிச் சண்டை உன்னுடையது.

அன்று ஒரு டவுன்காரர் எழுந்து, தோட்டத்து ஆட்களுக்கு ஓட்டே இல்லையே, அவர்களுக்கு எதற்கு அரசாங்கப் பணம் என்று கேட்டார். நீ என் காதைக் கடிப்பதுபோல் வந்து சொன்னாய். நான் எழுந்து நின்று அப்படியே சொன்னேன்:

"ஏங்கய்யா, மண்ணு சரியிறப்ப ஓட்டு இருக்கா இல்லையான்னு கேட்டுட்டா சரியும்?"

மண்டபமே சிரித்தது. கச்சேரி ஐயாவும் சிரித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். தோட்டம் துரையினுடையது. அதனால் பாதியை அரசாங்கம் கொடுக்கும், பாதியைத் தோட்டம் போட வேண்டும். நமது பிரிவுக்கு இரண்டு ஸ்ட்ரெச்சர் என்று கணக்கு. ஒன்று அரசாங்கத்துடையது, மற்றது துரை வாங்கித் தர வேண்டியது.

அரசாங்கத்து ஸ்ட்ரெச்சர் வந்தது. துரையுடையது வரவில்லை. டிஸ்பென்சரி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றாராம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நின்று கேட்டோம். அதாவது நீ முணுமுணுத்தாய், நான் கேட்டேன்.

"பல பேருக்கு ஒரே நேரத்துல அடிபட்டாத்தானே இது? ஒன்னே ஒன்னு இருந்தா மத்தவங்க வரிசையில நின்னு அடிபடணுமாங்க தொரே?"

துரைக்குத் தமிழ் புரியும். புரியாதமாதிரிப் போய்விட்டார். அந்த ஒரு ஸ்ட்ரெச்சரையும் டிஸ்பென்சரியில் வைத்துப் பூட்டப் பார்த்தார்கள். அடிபடுகிறவள் மலையில் கிடப்பாள், ஸ்ட்ரெச்சர் கீழே இருந்தால் யாருக்கு ஆகும் என்று நீ சொல்ல, நான் கத்த, பிள்ளைக் காம்பராவுக்கு அது வந்து சேர்ந்தது. பிள்ளைகள் அதற்கடியில் ஒளிந்து விளையாடின.

பிறகு வகுப்பு நடந்தது. அரசாங்கத்து நர்ஸ் நோனா வந்தார். சிங்களத்துக்காரர், உடைந்த தமிழ், ஆனால் பொறுமைசாலி. இறக்கத்தில் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுபோகும்போது கால் முன்னால் போக வேண்டும், தலை மேலே இருக்க வேண்டும் என்றார். கங்காணிக்குப் பொறுக்கவில்லை.

"நோனா, கால முன்ன விட்டுத் தூக்கிட்டுப் போறது பொணத்தத்தான். உசுரோட இருக்கிறவள அப்படித் தூக்குனா ஆகாதுங்க."

"தலை கீழ போனா ரத்தம் தலைக்கு வரும் ஐயா. பின்னாடி தூக்குற ஆள்தான் மொகத்தப் பாக்கணும். மொகம் பாத்துக்கிட்டே போகணும்."

அப்படிப் படுக்க ஒருத்தியும் முன்வரவில்லை. வீராயி, தன் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று விலகிக்கொண்டாள். நீ பேசாமல் போய்ப் படுத்தாய். முன்கம்பு வீராயி, பின்கம்பு நான். பிள்ளைக் காம்பராவிலிருந்து தண்ணீர்ப் பீலி வரைக்கும் உன்னை இறக்கினோம். உன் முகம் எனக்குக் கீழே. கங்காணி பார்க்காதபோது நாக்கைத் துருத்திக் காட்டினாய். நான் சிரித்துக் கம்பைக் கோணலாகப் பிடித்துவிட்டேன். நோனா திட்டினார்.

கடைசியில் அவர் ஒன்று சொன்னார். அதைத்தான் நீ என்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டாய்.

"நெறய ஆள் விழுந்து கெடந்தா, சத்தம் போடுற ஆள் அப்புறம் பாக்கலாம். சத்தம் போட மூச்சு இருக்கு. சத்தம் இல்லாத ஆள்கிட்ட மொதல்ல ஓடணும்."

மடுவத்துக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்து இறங்கியது அந்த மழைநாளின் பிற்பகலில். இடி என்று நினைத்தேன். தராசு ஆடியதைப் பார்த்தேன், அப்புறம் சுவர் நம் பக்கமாக வந்தது. நான் வாசலோரம் நின்றதால் வெளியே விழுந்தேன். செல்லையாவுக்குச் சிராய்ப்பு. வீராயிக்கு ஒன்றுமில்லை. ராக்குவுக்கு மண்டை உடைந்து ரத்தம். கங்காணிக்குக் கை முறிந்து, அவர் போட்ட கூச்சல் அந்த மலையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். மாரியாயியைச் சேற்றிலிருந்து இழுத்தபோது கண் திறந்திருந்தது, வாய் திறக்கவில்லை. உன் இடுப்புக்குமேல் கூரை மரம் கிடந்தது. நானும் செல்லையாவும் அதைப் புரட்டினோம். லாரி ரோட்டை மண் மூடிவிட்டது. டிஸ்பென்சரிக்கு ஒற்றையடிப்பாதை ஒன்றுதான்.

வீராயி ஓடிப்போய் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தாள். அதை உன் பக்கத்தில்தான் வைத்தேன். நீ வாயைத் திறந்தாய்.

"ஏய்! இங்க எதுக்குடி கொண்டாந்து வைக்கிற? அந்தப் புள்ளத்தாச்சியத் தூக்குடி!"

 அப்படி ஒரு சத்தம் உன்னிடம் இருந்தது எனக்குத் தெரியாது. கங்காணி பக்கம் திரும்பினாய்.

"யோவ் கங்காணி! கையி ஒடிஞ்சதுக்கா இந்தக் கத்து? ஒரு புள்ள பெத்துப் பாருய்யா, அப்புறம் கத்து!"

சேறும் ரத்தமுமாக உட்கார்ந்திருந்த ராக்கு அதைக் கேட்டுச் சிரித்தாள். கங்காணிகூட வாயை மூடினார்.

உன்னைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிவிடலாம் என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தாய். "இடுப்புல அடிபட்டவள மடிச்சுத் தூக்கலாமான்னு நோனாகிட்டப் போயிக் கேளு. உனக்குப் பாடம் படிச்சதெல்லாம் மறந்துருச்சா? எனக்கு ஒன்னுமில்லடி, காலுதான் மரத்துப்போச்சு. நீ போயிட்டு வா, நான் இங்கன கெடந்து இவுங்கள வஞ்சுக்கிட்டு இருக்கேன்!"

சத்தம் போடுகிற ஆள். மூச்சு இருக்கிற ஆள். நோனா சொன்ன பாடம் அதுதானே? மாரியாயியைத் தூக்கினோம். முன்கம்பு வீராயி, பின்கம்பு நான். மழை. பாதை முழுக்க வழுக்கல். நான் மாரியாயி முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன், காது மட்டும் பின்னால் இருந்தது. பலா மரத்து வளைவு வரைக்கும் உன் குரல் வந்துகொண்டிருந்தது. கங்காணியைத் திட்டினாய், துரையைத் திட்டினாய், என்னைத் திட்டினாய். வளைவில் திரும்பும்போதும் கேட்டது. நல்ல திடமாகத்தான் இருக்கிறாள் என்று வீராயியிடம் சொன்னேன். அந்த வார்த்தை இன்னும் என் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாரியாயியைச் சேர்த்துவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருவரும் மலையேறினோம். ராக்குவும் கங்காணியும் எதிரே நடந்து இறங்கிவந்தார்கள். நான் நிற்கவில்லை. வளைவு வந்ததும் நின்றேன். மழைச் சத்தம் மட்டும் இருந்தது. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ பதில் கொடுக்கமாட்டாய் என்று என் கால்களுக்குத் தெரிந்துவிட்டது, அவை நகரவில்லை. வீராயிதான் இழுத்துக்கொண்டு போனாள்.

செல்லையா உனக்குக் குடை பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். அவர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"நீங்க வளைவு தாண்டுற வரைக்கும் கத்திக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் 'போயிட்டாங்களா?'ன்னு கேட்டுச்சு. 'போயிட்டாங்க'ன்னேன். சரின்னுச்சு. அதுக்கப்புறம் சத்தமே இல்ல. கடைசியா தண்ணி கேட்டுச்சு. அதுவும் என் காத வாயிகிட்ட வச்சாத்தான் வெளங்குச்சு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கத்த முடிந்ததால் நீ கத்தவில்லை. நான் போக வேண்டும் என்றுதான் கத்தியிருக்கிறாய். உள்ளே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. வகுப்பில் படித்ததை எனக்கு எதிராகவே திருப்பியிருக்கிறாய்.

உன்னை இறக்கினோம். கால் முன்னால்தான் போயிற்று. இந்தத் தரம் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

மாரியாயி பிழைத்தாள். பிள்ளையும் தங்கியது, பெண். அவள் அந்தப் பிள்ளைக்கு உன் பெயரை வைத்திருக்கிறாள். நன்றிக்காக வைத்தாள், நல்லதுதான். ஆனால் காலையும் மாலையும் லயம் முழுக்க யாராவது உன் பெயரைக் கூப்பிடுகிறார்கள், அது 'ஓய்' என்று பதில் கொடுக்கிறது. வாயாடி. தொண்டை அப்படி. அது கூப்பிடப்படும் ஒவ்வொரு தரமும் நான் செய்கிற வேலையை விட்டுவிட்டு நிமிர்கிறேன். பத்து வருஷத்துக்கு மேல் இதே நிமிர்தல். நான் அதை 'மாரியாயி மகளே' என்றுதான் கூப்பிடுவேன். ஏனென்று அது ஒருநாள் கேட்டது. 'உனக்கு வேறு பெயர் வைத்திருக்கலாம்' என்று அதனிடம் சொல்லி ஒரு துண்டு வெல்லம் கொடுத்தேன். மனசு நோகாமல் தின்றது.

இன்று காலை புது நர்ஸ் வந்து வகுப்பு எடுத்தார். சின்னப் பெண். பழைய வகுப்பில் படித்தவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போகவே கூடாது என்று இருந்தேன், முதல் ஆளாகப் போய் நின்றேன். அதே பாடம், சத்தம் போடுகிறவர் அப்புறம், சத்தமில்லாதவர் முதலில். இளசுகள் எல்லாம் தலையாட்டின. என்னால் உட்கார முடியவில்லை.

"நர்ஸம்மா, அது சரிதாங்க. ஆனா சத்தம் போடுறது யாருன்னும் பாக்கச் சொல்லுங்க. எப்பவும் கத்துறவ கத்துனா விட்டுட்டு ஓடலாம். எப்பவும் கத்தாதவ கத்துனா கிட்டப் போயி மொகத்தப் பாக்கணுங்க."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்கம்மா என்றது. சொன்னேன். அதை எல்லாருக்கும் திருப்பிச் சொன்னது. இந்த மலையில் அடிபட்டவர்களை முதலில் தூக்கப்போவது கூடவே கொழுந்து எடுக்கிறவர்கள்தான். யாருடைய குரல் எப்படி என்று அவர்களுக்குத்தான் தெரியும். இதை இனிமேல் யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. நீ கொடுத்தது, நான் வைத்திருக்கிறேன்.

நீ போன பிறகு நானே யோசித்து, நானே பேச வேண்டியிருக்கிறது. காதுப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. இந்த வயதிலும் பெரட்டில் யாராவது நியாயமில்லாமல் பேசினால் முதலில் இடது பக்கம் சாய்கிறேன்.

யார் யார் மேலிருந்த கோபத்தை விட்டுவிட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பாதிப் பணம் போடாத துரை சீமைக்குக் கப்பல் ஏறிப் போய்விட்டார். நெடுநாள் சபித்தேன், இப்போது அவருடைய முகம் கலைந்துகொண்டு வருகிறது. ஓட்டில்லாதவர்களுக்கு ஏன் என்று கேட்டவர் வயதாகிக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார், பார்த்தால் பேசுகிறேன். கங்காணி படுக்கையில் கிடந்தபோது போய்ப் பார்த்தேன், கஞ்சி ஊற்றினேன். வீராயியின் சுளகுக் கணக்கையும் விட்டுவிடலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

நமக்குள் என்ன வழக்கம் இருந்தது? எதுவானாலும் முதலில் என் காதில் சொல்வாய். அன்றைக்கு மட்டும் ஊருக்கு முன்னால் பொய்யைக் கத்திச் சொன்னாய். உன் உண்மையான குரலைச் செல்லையா காதுக்குக் கொடுத்தாய். நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில் என்னை வளைவுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டாய். மாரியாயி மகள் ஓடி விளையாடுவதைப் பார்க்கும்போது நீ செய்தது சரி என்று தெரிகிறது. தெரிந்தும் மனம் இறங்கவில்லை. எல்லாரையும் மன்னித்துவிட்டேன். ஒருத்தியை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

உன்னைத்தான், பேச்சி.