பொறுமைக்கு வந்த பதில்

மார்ச் 3, திங்கள்

எங்கள் மேலாளர் ஒரு செத்த கவிஞரை அடியாளாக வைத்திருக்கிறார். நானூறு வருடங்களுக்கு முன் ஆங்கிலத்தில் நாடகம் எழுதியவர், உலகமே கொண்டாடுகிறது. இந்தப் பார்சல் கிடங்கில் மட்டும் அவருக்கு எங்களை அடக்கும் வேலை. திங்கள்தோறும் தொழிலாளி ஒருவர் அவருடைய வரி ஒன்றை மைக்கில் வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் பார்சல்களை நகர்த்தும் பெல்ட் ஓடும்.

பக்கத்து மேசை அக்காவுக்கு ஏழாம் மாதம். போன வாரம் உட்கார ஒரு நாற்காலி கேட்டார். இன்று வந்த வரி பொறுமையைப் பற்றியது. மேலாளர் அக்காவைப் பார்த்துக்கொண்டே கைதட்டினார்.

மார்ச் 5

அக்காவுக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. "ரெண்டு காலும் பார்சல் மாதிரி ஆயிடுச்சுடா. லேபிள் ஒட்டி அனுப்பிடு." அவர்தான் சிரித்தார்.

மார்ச் 8, சனி

நூலகத்தில் அந்தப் பொறுமை வரி வரும் நாடகத்தின் தமிழாக்கம் கிடைத்தது. அடப்பாவிகளா! பொறுமையாக இரு என்று சொல்பவன் வலி இல்லாதவன். கேட்பவன் மகளுக்காக நொந்து கிடக்கும் அப்பன். அதே பக்கத்தில் அந்த அப்பன் வெளுத்து வாங்குகிறான் — வலிக்காதவன் தரும் ஆறுதல் தனக்கு வேண்டாம் என்கிறான். கவிஞருக்கு எங்கள் மேலாளரை அன்றைக்கே தெரிந்திருக்கிறது. மேலாளர்தான் பதிலைக் கத்தரித்துவிட்டார்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். படிக்கட்டில் யாரும் இல்லை. மூடிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

இன்று என் முறை. வரி எழுதிக் கொடுத்த சீட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். போன வார வரியைச் சொல்லி, அந்த அப்பனின் பதிலை முழுதாக வாசித்தேன். "அக்காவுக்கு நாற்காலி குடுங்க" என்று முடித்தேன். யாரோ விசில் அடித்தார்கள். சந்தோஷமாக இருந்தது.

மேலாளர் சிரித்தார். "தம்பி நல்லா நடிக்கிறாரு."

மார்ச் 11

என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். திரும்பி வந்த பார்சல்களைப் பிரிக்கும் வேலை. துணைக்கு ஒரு ஒலிபெருக்கி.

அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, முடியாவிட்டால் வீட்டிலேயே இருந்துகொள் என்றார்களாம்.

மார்ச் 13

வாசலில் அக்காவைப் பிடித்தேன்.

"உன்ன யாருடா பேசச் சொன்னது?"

"உங்களுக்காகத்தானக்கா..."

"எனக்காகவா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நீ விசில் வாங்கிட்டுப் போயிட்ட. எனக்கு வேலை போனா யாரு சோறு போடுவா, உன் நாடகக்காரரா?"

அவர் வலியை அவரைக் கேட்காமல் மைக்கில் பேசியிருக்கிறேன். அப்படியென்றால் மேலாளருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இருக்கிறது. இருந்தாகணும்.

மார்ச் 15

இன்று யாரிடமும் பேசவில்லை. என்னிடமும் யாரும்.

மார்ச் 17, திங்கள்

ஒலிபெருக்கி கரகரத்தது. மேலாளர் குரல்: "இன்னிக்கு நம்ம அக்கா படிப்பாங்க." வேண்டுமென்றே செய்கிறான். பார்சலைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

முதலில் மூச்சு வாங்கும் சத்தம்தான் வந்தது.

"சீட்ல இருக்கிறத அப்புறம் படிக்கிறேன் சார். என்னால நிக்க முடியல. உக்காந்து வேலை செய்ய ஒரு நாற்காலி வேணும்."

விசில் இல்லை. கைதட்டல் இல்லை. பெல்ட்டும் ஓடவில்லை. நான் ஒலிபெருக்கியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களத்தான் கேக்கறேன் சார். நாற்காலி எங்க?"