யார் அந்த அரசு?

கோபக்காரிக்கு,

செராஸில் உன் அக்கா வீட்டில் எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்க மாட்டேன். கிள்ளானில் நானே ரசம் வைக்கப் பழகிவிட்டேன். குடிக்கத்தான் முடியவில்லை.

அன்று உன் போனில் ஓர் ஆண் குரல், "நான்தான் அரசு" என்றது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். யார் அந்த அரசு என்று உன்னிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து, உங்கள் வாசிப்பு வட்டத்தில் எல்லார் முன்னாலும், "இங்க எவன்டா அரசு?" என்று கத்தினேன்.

கண்ணாடி போட்ட அந்தப் பெண்தான் சொன்னாள்: "அங்கிள், அது ஆள் பேரு இல்ல லா! அரசாங்கம். 'நான்தான் அரசு'ன்னு சொன்ன பிரெஞ்சு ராஜா செத்து முந்நூறு வருஷம் ஆச்சு. இது நம்ம நாடக வசனம்."

எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

சரி, ராஜா செத்துவிட்டார். ராஜாவாக நடிக்கும் முகுந்தன் உயிரோடுதானே இருக்கிறான்? மன்னனையும் கேள்வி கேட்கலாம் என்று எழுதிய அந்தக் காலத்து அறிஞர்களைப் பற்றி அவனிடம் மணிக்கணக்கில் பேசுகிறாய். என்னிடம் "சாப்பிட்டீங்களா" என்பதோடு சரி.

"இந்த வீட்டுல நான் வச்சதுதான் சட்டம்" என்று நானும் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏறக்குறைய அதே வசனம்தான். அவன் சொன்னால் அப்படிச் சிரிக்கிறாய். நான் சொன்னபோது ஒரு நாளாவது சிரித்திருக்கிறாயா?

உன் புருஷன்