கிராம்பு டப்பா

20 ஜூன் 2024

இன்று வேன் வீட்டுக்கு வரவில்லை. இவர் மட்டும் நடந்து வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவரும் வழியில், கீழவாஞ்சூர்ப் பக்கம் போலீஸ் மறித்து ஊதச் சொன்னார்களாம். மெஷின் நாற்பத்திரண்டு காட்டியதாம். முப்பதைத் தாண்டினால் குடிகாரன்.

இவரா? ஒரு சொட்டு தொட்டதில்லை!

எல்லாரும் ஊதிய அதே குழாயை ஸ்பிரிட்டால் துடைத்து, ஈரம் காயும் முன்னே இவர் வாயில் வைத்தார்களாம். ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. பல்வலிக்காக எப்போதும் கிராம்பு அடக்கியிருப்பார். அதைப் பார்த்துவிட்டு, "வாடைய மறைக்கவா பாய்?" என்று சிரிப்பு வேறு. கடைசியாக இறங்க வேண்டிய தேவிகாவின் மகள் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

21 ஜூன்

தேவிகா போன் செய்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, கொஞ்ச நாளைக்குப் புள்ளய அவங்க அப்பாவே கொண்டு விடட்டும்." தப்பாகத்தான் நினைத்தேன்.

2 ஜூலை

வேனும் லைசென்சும் திரும்பி வந்துவிட்டன. பிள்ளைகளில் பாதிப் பேர் வரவில்லை. திரும்பிய பக்கமெல்லாம் சாராயக்கடை இருக்கும் ஊரில், குடிக்காத டிரைவர் என்றால் யார் நம்புவார்கள்?

அபராதத்தைக் கட்டித் தொலையுங்கள் என்று கத்திவிட்டேன். "கட்டுனா, குடிச்சேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி நிசா" என்றார். என் தம்பி நசீம், "பள்ளிவாசல்ல வந்து ஒரு சத்தியம் பண்ணிடுங்க மச்சான்" என்றான். "நான் எதுக்குப் பண்ணணும்? அந்த மெஷினப் பண்ணச் சொல்லு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. இவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

14 நவம்பர்

வக்கீல் அம்பலவாணன் உற்சாகமாக இருந்தார். அந்த மெஷினைச் சரிபார்த்த சான்றிதழ் அன்றைக்குக் காலாவதியாகி இருந்ததாம். "அது ஒண்ணு போதும். அது காட்டுன நம்பர சாட்சியமா எடுத்துக்க முடியாது. கேஸ் நிக்காது."

அப்படியென்றால் ஸ்பிரிட் குழாய்?

"அதை எப்படிம்மா நிரூபிக்கிறது? நேர் வழி இருக்கறப்ப சுத்திப் போவானேன்?"

"நான் குடிக்கலன்னு ஜட்ஜ் வாயால சொல்லணும் சார்" என்றார் இவர்.

"அதச் சொல்ல மாட்டாங்க பாய். போலீஸ் நிரூபிக்கலன்னுதான் சொல்லுவாங்க."

22 ஏப்ரல் 2025

விடுதலை. வக்கீல் சொன்னபடியே ஆயிற்று. நசீம் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கோர்ட்டு வாசல் டீக்கடையில் யாரோ, "கெட்டிக்கார வக்கீல், தப்பிச்சிட்டீங்க பாய்" என்றார். தப்பித்தாராம்! டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

"நான் குடிச்சேனா இல்லையான்னு கடசி வரைக்கும் யாருமே பாக்கலியே நிசா." வழியெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

9 ஜூன்

கிராம்பு டப்பா நிறைந்தபடியே இருக்கிறது. பல்வலி போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

18 ஜூன்

புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளை அழுகிறது என்று நானும் வேனில் போனேன். முன்பெல்லாம் இவர் ஹாரன் அடிப்பதோடு சரி. இன்று ஒவ்வொரு வாசலிலும் இறங்கி, பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்கிறார். இது என்ன புதுப் பழக்கம் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது.

அப்புறம் புரிந்தது. வாசலுக்கு வாசல் ஊதிக் காட்டுகிறார். வாயில் கிராம்புகூட இல்லாமல்.

முந்தானையை வாயில் வைத்து அழுதேன். தேவிகா தன் வீட்டு கேட்டைப் பிடித்தபடி, பக்கத்து வீட்டில் இவர் பேசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

1 ஜூலை

இன்றும் நான் வேனில் போனேன். தேவிகா மகளோடு தன் வீட்டு வாசலில் நின்றாள். பையும் கையுமாக. இவர் வழக்கம்போல் கதவைத் திறந்தார்.

"எதுக்குண்ணே எறங்குறீங்க? ஹாரன் அடிங்க போதும், புள்ளய அனுப்பிடுறேன்."

வீட்டுக்கு வந்ததும் கிராம்பு டப்பாவைக் கேட்டார்.